கறிவேப்பிலைத் தொட்டியில் புழு: குழந்தைகளோடு வீட்டில் வளர்க்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் புழு வந்திருக்கிறது. ஆறு வயது மகளும் மூன்றரை வயது மகனும் அதை வீட்டுக்குள் வைத்து வளர்க்கவேண்டும் என்கிறார்கள். போன தடவை ஒரு பாட்டிலில் இலையோடு போட்டு மூடி வைத்தோம். இரண்டே நாளில் செத்துவிட்டது. மகள் ரொம்ப அழுதாள். சரியாக வளர்ப்பது எப்படி? குழந்தைகளுக்கு அரிப்பு ஏதும் வருமா?

பதில்: தாராளமாக வளர்க்கலாம். கறிவேப்பிலையில் வருபவை பெரும்பாலும் லைம் பட்டர்ஃபிளை அல்லது காமன் மார்மன் என்ற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். சின்ன வயதில் பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் இலையில் விழுந்து காய்ந்ததுபோல இருக்கும். பறவைகள் ஏமாறத்தான் அந்த வேஷம். கடைசித் தோல் உரித்ததும் பச்சைப்பசேலென்று மாறிவிடும். இவற்றுக்கு மயிர் கிடையாது, கொட்டாது, அரிக்காது. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டைக் கொம்பை நீட்டும். ஊசிப்போன வாடை அடிக்கும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அது பயந்து செய்கிற காரியம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மூன்றரை வயதுக்காரர் மறுபடி மறுபடி சீண்டிப் பார்ப்பார்.

மயிர் அடர்ந்த புழு எதையும் தொடக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முருங்கையில் கூட்டம் கூட்டமாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டால் தடித்து, அரிப்பெடுக்கும். பட்டுவிட்டால் தேய்க்காமல் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். எருக்கஞ்செடியில் வரும் வரிப்புழு பார்க்க அழகுதான். ஆனால் எருக்கம்பால் கண்ணுக்கு ஆபத்து என்பதால், இந்த வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

போன தடவை புழு செத்ததற்கு மூடிய பாட்டில்தான் காரணமாக இருக்கும். இலையும் எச்சமும் விடும் ஈரம் உள்ளேயே வியர்த்துத் தேங்கும். இலை அழுகும், பூஞ்சை பிடிக்கும். இந்தத் தடவை அகலமான, உயரமான ஒரு டப்பா எடுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர் கேனின் மேல்பகுதியை வெட்டி எடுத்தாலே போதும். வாயில் கொசுவலைத் துணியைப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அடியில் செய்தித்தாள், உள்ளே சாய்வாக ஒரு காய்ந்த குச்சி. கறிவேப்பிலைக் கொத்தைச் சின்னக் குப்பியில் தண்ணீர் ஊற்றிச் செருகி, குப்பியின் வாயைப் பஞ்சால் இறுக்கமாக அடைத்துவிடுங்கள். திறந்திருந்தால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் விழுந்துவிடும். வெயில் நேராகப் படாத இடமாகப் பார்த்து வையுங்கள். எறும்பு வரும் வீடு என்றால் டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்துவிடலாம்.

இலைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கடையில் வாங்கிய கறிவேப்பிலையில் மருந்து அடித்திருக்கலாம். நீங்கள் எத்தனை முறை அலசினாலும் நான் அதை நம்பமாட்டேன். உங்கள் தொட்டி இலையையே கொடுங்கள். அதில் வேப்பெண்ணெய் அடித்திருந்தால் அதுவும் வேண்டாம். இலை தீர்ந்துபோனால் மருந்தடிக்காத எலுமிச்சை, நாரத்தை, வில்வ இலைகளைக் கொடுத்துப் பார்க்கலாம். முட்டைக்கோஸ், கீரை எல்லாம் தொடாது. டப்பா இருக்கும் அறையில் கொசுவர்த்தியோ கொசுவிரட்டி மெஷினோ கூடாது. கொசுவைக் கொல்வது புழுவையும் கொல்லும்.

இரண்டு புழுவுக்கு மேல் வேண்டாம். பச்சையானதும் அது தின்னும் வேகத்தைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். நாலைந்து சேர்ந்தால் தொட்டி மொட்டையாகிவிடும். மீதியைச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.

தினமும் ஒரு வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்: காலையில் அழுக்குத் தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் விரிப்பது. எச்சம் மிளகுபோல உருண்டையாக இருக்கும், அருவருப்பாக இராது. வளர வளர உருண்டையும் பெரிதாகும். உங்கள் மகள் அதைத் தானாகவே கவனித்துச் சொல்வாள். முடிந்ததும் சோப்பால் கை கழுவவேண்டும். புழுவை விரலால் பிடித்து இழுக்காமல், அது இருக்கும் இலையோடு சேர்த்து மாற்றுங்கள்.

ஒரு நாள் அது தின்னாமல், அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், தோல் உரிக்கத் தயாராகிறது. காலுக்கு அடியில் பட்டுநூல் விரித்து அதில் கொக்கி மாட்டிக்கொண்டிருக்கும். நான் வளர்க்கத் தொடங்கிய காலத்தில் இந்த நிலையில் இருந்த ஒன்றைப் பிய்த்தெடுத்து புது இலையில் வைத்தேன். பிடிமானம் போனதால் பழைய தோலைக் கழற்ற முடியாமல் அது செத்துப்போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அசையாத புழுவை ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

முட்டையிலிருந்து வந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில், எச்சம் திடீரென்று தண்ணீராகப் போகும். பிறகு டப்பா முழுக்க அலையும். வயிற்றுப்போக்கு என்று பயப்படவேண்டாம், கூட்டுப்புழு ஆகப்போகிறது. குச்சியில் ஏறி, பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு, நெஞ்சைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, தென்னை ஏறுபவர் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நிற்பதுபோலச் சாய்ந்துகொள்ளும். அந்த நூல் எப்படி வருகிறது என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மறுநாள் தோல் கழன்று பச்சையாகவோ பழுப்பாகவோ கூட்டுப்புழு நிற்கும். இனி இலை தேவையில்லை, டப்பாவை நகர்த்தாமல் இருந்தால் போதும்.

பத்து நாள் கழித்துக் கூடு கறுக்கும். உள்ளே இறக்கையின் மஞ்சள், வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அடுத்த நாள் காலையில் எல்லோரும் சீக்கிரம் எழுந்துவிடுங்கள். சுருங்கிய இறக்கையோடு வெளியே வந்து, தொங்கி, மெல்ல விரிக்கும். சிவப்பாகவோ பழுப்பாகவோ சொட்டும் நீர் ரத்தம் இல்லை, உள்ளே சேர்ந்திருந்த கழிவு. முழுக்கக் கறுப்பு, பின்னிறக்கையில் ஒரு வரிசை வெள்ளைப் புள்ளி என்றால் அது ஆண் காமன் மார்மன். பெண்ணுக்கு வேறு வேறு உருவம் உண்டு. கறுப்பில் மஞ்சள் திட்டுகள், ஓரமாக ஒரு சிவப்புப் பொட்டு என்றால் லைம்.

சில கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வராது. ஓட்டை போட்டுக்கொண்டு குட்டிக் குளவிகள் வெளியே வரும். அவை புழுவையோ கூட்டுப்புழுவையோ உள்ளிருந்தே தின்று வளர்ந்தவை. புழு கறுத்துக் கொழகொழவென்று தொங்கினால் அது நோய். எடுத்துப் போட்டுவிட்டு டப்பாவைச் சோப்பால் கழுவி வெயிலில் காயவையுங்கள். “தூங்குகிறது” என்று பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம். செத்துவிட்டது, இன்ன காரணத்தால் என்று சொல்லுங்கள். அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

வந்த பூச்சியை இரண்டு மூன்று மணி நேரம் தொடாமல் விடுங்கள், இறக்கை காயவேண்டும். பிறகு பால்கனியில் துணியை அவிழ்த்துவிட்டால் தானே போய்விடும். அன்றைக்கு மழை என்றால் டப்பாவிலேயே இருக்கட்டும். முதல் நாள் அதற்குச் சாப்பாடு தேவைப்படாது. மறுநாள் வெயில் வந்ததும் திறந்துவிடுங்கள்.