கல்லூரி ஃபுட்பால் அணிக்குப் புதுக் கோச் வந்தால், வெளியிலிருந்து நல்ல வீரர்களைச் சேர்ப்பது முக்கியமா, இருப்பவர்களை வளர்ப்பது முக்கியமா?

அமெரிக்காவில் நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்கு (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எறிந்தும் ஏந்தியும் ஆடும் அமெரிக்க ஃபுட்பால்) புதுக் கோச் வந்திருக்கிறார், பழைய வீரர்கள் வரிசையாக வேறு கல்லூரிக்குக் கிளம்புகிறார்கள், இது நல்லதா கெட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ப்ளூமிங்டனில், இந்தியானா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தவன். எனக்குத் தெரிந்த அந்த அணியை வைத்தே சொல்கிறேன்.

நான் இருந்த காலத்தில் சனிக்கிழமை காலை ஸ்டேடியத்துக்கு வெளியே புல்வெளி முழுக்கக் கார்கள் நிற்கும். டிக்கியைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டுக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகும் நிறையப் பேர் உள்ளே வர மாட்டார்கள். வந்தவர்களிலும் பலர் இடைவேளையில் எழுந்து போனால் திரும்ப மாட்டார்கள். கூடைப்பந்துக்கு உயிரை விடும் ஊர் அது. 2023இல்கூட 3 வெற்றி, 9 தோல்வி. அந்த நவம்பர் கடைசியில்தான் கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தார்.

அவர் அலபாமா பல்கலைக்கழகத்தில் நிக் சேபன் என்ற புகழ்பெற்ற கோச்சிடம் வீரர்களைத் தேடிச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர். நாட்டிலேயே சிறந்த பையன்கள் தேடி வரும் இடம் அது. அதை விட்டுவிட்டு 2011இல் ஒரு படி கீழே, இரண்டாம் டிவிஷனில் ஆடும் ஒரு சின்னக் கல்லூரிக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். பள்ளி வீரர்களுக்கு ஸ்டார் கொடுத்துத் தரம் பிரிப்பார்கள், ஐந்துதான் உச்சம். அங்கே ஐந்து ஸ்டார் பையன் எவனும் வர மாட்டான். கிடைத்தவர்களில் யார் தேறுவார் என்று கண்ணால் பார்த்துப் பொறுக்க வேண்டும், பிறகு சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தியானாவில் அவர் செய்ததற்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இந்தியானாவுக்கு வந்ததும், தான் கடைசியாகக் கோச்சாக இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து 13 வீரர்களை அழைத்து வந்தார். சின்னக் கல்லூரிப் பையன்கள் பெரிய பல்கலைக்கழகங்கள் ஆடும் பிக் டென் லீகில் தாங்குவார்களா என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். அவர்களில் டியாஞ்சலோ பாண்ட்ஸ் 5 அடி 9 அங்குலம்தான். எலைஜா சாரட் அதற்கும் முன்னால் செயின்ட் ஃபிரான்சிஸ் என்ற இன்னும் சின்னக் கல்லூரியில் ஆடியவர். ஆனால் இவர்கள் தினமும் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள், தோற்றால் மறுநாள் எப்படி வருகிறார்கள் என்பதெல்லாம் கோச்சுக்குத் தெரியும். நாளை பெரிய ஆளாவான் என்ற நம்பிக்கையைவிட, இதுவரை ஆடிக் காட்டியதே பெரிது என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. அதோடு, பிரயன்ட் ஹெய்ன்ஸ், மைக் ஷனஹன் என்ற உதவிக் கோச்சுகளும் கூடவே வந்தார்கள். சொல்லிக்கொடுப்பவர்களும் அதே ஆட்கள், முறையும் அதே முறை. முதல் வருடமே 11 வெற்றி. அந்தக் கல்லூரியின் வரலாற்றில் ஒரு சீசனில் 10 வெற்றி என்பதே அதற்கு முன் கிடையாது.

2025இல் வந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஃபெர்னாண்டோ மெண்டோசா, பள்ளி முடிக்கும்போது இரண்டு ஸ்டார் பையன். யேல் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்து, கடைசி நேரத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, அங்கிருந்து இங்கே வந்தவர். அந்த டிசம்பரில், கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். அணி 16 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்காமல், மயாமியை 27-21 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. இறுதி ஆட்டம் நமக்கு ஜனவரி 20 விடிகாலை 6 மணிக்குத் தொடங்கியது. கோயம்புத்தூர் வீட்டில் காபியை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொலராடோ பல்கலைக்கழகத்தையும் பார்க்க வேண்டும். 2022இல் 1 வெற்றி, 11 தோல்வி என்று கிடந்த அணிக்கு டியான் சாண்டர்ஸ் கோச்சாக வந்தார். வந்த அன்றே பழைய வீரர்களிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார், பெரும்பாலோர் போனார்கள். ட்ராவிஸ் ஹன்டர் மாதிரி அபூர்வமான வீரரைக் கொண்டுவந்தார், உண்மைதான். ஆனால் முதல் சீசனில் குவார்ட்டர்பேக்கைக் காக்க வேண்டிய முன்வரிசை ஒன்றாக ஆடிப் பழகாத வரிசை. அவர் மகன் ஷெடூர் 50 தடவைக்கு மேல் கீழே தள்ளப்பட்டார். முன்வரிசையில் ஐந்து பேரும் ஒரே மூச்சில் நகர வேண்டும். அதைக் காசு கொடுத்து ஒரு மாதத்தில் வாங்க முடியாது.

சரி, உங்கள் கல்லூரிக்கு வருவோம். எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணாதீர்கள். ஜனவரி 2 முதல் 16 வரை டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) திறந்திருக்கும்போது எல்லா ஊரிலும் இந்தக் கலவரம்தான். கோச்சோடு எந்த உதவிக் கோச்சுகள் வருகிறார்கள், அவரிடம் ஏற்கெனவே ஆடியவர்கள் எத்தனை பேர், முன்வரிசையில் பழைய ஆட்கள் யார் மிச்சம் என்று பாருங்கள். இந்தியானாவில் முன்வரிசையின் இடது டாக்கிள் கார்ட்டர் ஸ்மித் பழைய கோச் சேர்த்தவர். ஓமர் கூப்பரும் அப்படித்தான், பக்கத்து இண்டியானபோலிஸ் பையன். கோச் மாறியபோது இருவரும் போகவில்லை.

2025 நவம்பரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு எதிராக, அவர்கள் மைதானத்தில், இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் நான்கு புள்ளி பின்தங்கி நின்றோம். மெண்டோசா எறிந்த பந்து கோட்டுக்கு வெளியே போவது போலத்தான் இருந்தது. கூப்பர் எகிறிப் பிடித்து, வெளியே சாய்ந்துகொண்டே, ஒரு கால் நுனியை மட்டும் உள்ளே ஊன்றினார். ஒரு கால் உள்ளே பட்டால் போதும், பிடித்தது செல்லும். மறு ஒளிபரப்பில் அந்த ஷூ நுனி புல்லைத் தொடுவதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அந்த மைதானத்தில் இந்தியானா ஜெயித்தது அதுதான் முதல் தடவை.