துவர்ப்பான மரக்குழை ஆடு மாடுகளின் செரிமானத்தைக் கெடுக்குமா?

உங்களுக்கும் யாரோ "குழை போடாதே, வயிறு கட்டிவிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள் போல. கோடையில் புல் கருகி, தீவனம் வாங்கக் கையில் காசும் இல்லாமல் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் இலங்கையின் வன்னியில், மாங்குளம் பக்கம். போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு வாழ்வாதார உதவியாக ஆடுகள் தந்தார்கள். அதோடு நடந்த பயிற்சி வகுப்பில் ஒருவர், குழையில் துவர்ப்பைத் தரும் தனின் என்ற பொருள் இருக்கிறது, அது புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே குழையே வேண்டாம், கடைத் தீவனம் மட்டும் கொடுங்கள் என்றார். அம்மா எழுந்து, "தம்பி, நாங்கள் பலாக்குழையிலும் பூவரசங்குழையிலும்தான் ஆடு வளர்த்தனாங்கள்" என்றார். அவர் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அவர் சொன்னது பாதிதான் சரி. ஆடு மாடுகளுக்கு இரைப்பை நான்கு. முதல் இரைப்பையில் தனின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வது உண்மை. அங்கேயுள்ள நுண்ணுயிர்களுக்கு அந்தப் புரதம் எட்டாது. ஆனால் நான்காம் இரைப்பையில் அமிலம் அதிகம். அங்கே பிடி பெரும்பாலும் விட்டுப்போய், புரதம் சிறுகுடலில் செரித்து உடம்பில் சேர்ந்துவிடும். தீனியின் உலர்நிறையில் (ஈரம் போன பிறகு உள்ள எடையில்) தனின் 2 முதல் 4 சதவீதம் வரை இருந்தால் நல்லதுதான். வயிறு ஊதுவது குறையும், குடற்புழுவும் ஓரளவு அடங்கும். 5, 6 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் விலங்கு தீனி எடுக்கத் தயங்கும், நார்ச்சத்தும் சரியாகச் செரிக்காது. எல்லா மரத்துத் தனினும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

ஒரு கடும் கோடையில் சித்தப்பாவின் பசுவுக்கு வைக்கலும் ஆலங்குழையும் மட்டும்தான் கிடைத்தது. சாணி கறுத்து இறுகியது, பால் இறங்கியது, இரைமீட்பதும் குறைந்தது. அதே ஆலங்குழையைத் தின்ற எங்கள் ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டின் உமிழ்நீரில் தனினை முதலிலேயே பிடித்துவைக்கும் புரதங்கள் உண்டு; பசுவுக்கு அந்த வசதி குறைவு. போதாததற்கு வைக்கலில் புரதம் மிகக் குறைவு, இருந்த கொஞ்சத்தையும் தனின் கட்டிப்போட்டால் நுண்ணுயிர்கள் எதை வைத்துப் பெருகும்? அம்மா ஆலங்குழையைக் குறைக்கச் சொல்லி, வேலியில் நின்ற சீமைக்கிளுவையை வெட்டி வாடவைத்துக் கலந்து கொடுத்தார், கொஞ்சம் எள்ளுப் புண்ணாக்கும் சேர்த்தார். சாணி இளகியது, பாலும் மெல்ல ஏறியது. சீமைக்கிளுவையில் புரதம் அதிகம், தனின் குறைவு. வாடினால் அந்த மணமும் அடங்கி, மாடு முகம் திருப்பாமல் தின்னும். அம்மா கொக்கத்தடியோடு போனால் ஒரு நாளும் ஒரே மரத்தில் வெட்டி முடிக்கமாட்டார்; பல குழை கலந்தால் ஒரு மரத்தின் துவர்ப்பு மட்டும் கூடிவிடாது. வகுப்பில் சிரித்தவருக்கு இதைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

இப்பிலிப்பில் மரத்துக் குழை வேறு கதை. அதில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது, அளவு மீறினால் மயிர் கொட்டும். அதைத் தனினோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். வயிறு உப்பி மூச்சு வாங்கினாலோ, சாணியில் இரத்தம் கண்டாலோ உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள், குழையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. மாடு ஒரே குழையை நம்பி நிற்கும் நிலை ஏன் வருகிறது? மேய்ச்சல் தரை இல்லை. மாரியில் காலபோக நெல் விதைத்ததும் மாட்டைக் கட்டு என்கிறார்கள். காட்டோரம் சாய்த்துக்கொண்டு போனால் எல்லைக் கல்லைக் காட்டித் துரத்துகிறார்கள். இரவில் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் படுத்து அடிபட்டுச் சாகிற மாடுகள் எத்தனை! தரை ஒதுக்கித் தாருங்கள் என்று நாங்கள் கேட்காத கூட்டம் இல்லை. மனுவை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, உங்களிடம் இருப்பது ஆடா பசுவா, வளவில் என்ன மரங்கள் நிற்கின்றன என்று எழுதுங்கள். பசு என்றால் இப்போதைக்கு ஆல், நாவல் போன்ற துவர்ப்புக் கூடிய குழையைக் கொஞ்சமாக மட்டும் போட்டு, சீமைக்கிளுவையைக் கூட்டிக் கொடுங்கள்.