முட்டை ஓட்டுத் தூளும் குட்டியின் கால்களும்

கேள்வி: எங்கள் லேப்ரடார் குட்டிக்கு நான்கு மாதம் ஆகிறது. நாளொன்றுக்கு 300 கிராம் பப்பி ஃபுட் சாப்பிடுகிறது. பையில் கால்சியம் 1.2 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். எலும்பு வலுப்படுவதற்காக முட்டை ஓட்டை மிக்ஸியில் அரைத்து, தினமும் ஒரு தேக்கரண்டி கலக்கிறோம். காலை வெயிலிலும் கட்டுகிறோம். ஆனாலும் முன்னங்கால்கள் வளைந்து, பாதங்கள் வெளிப்புறம் திரும்புகின்றன. கால்சியம் டானிக்கும் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம். முட்டை ஓட்டுத் தூளையும் இன்றே நிறுத்திவிடுங்கள். நீங்கள் போடும் 300 கிராம் உணவிலேயே 3,600 மில்லிகிராம் கால்சியம் போய்விடுகிறது. குட்டியின் வளர்ச்சிக்கு அது போதும். ஒரு தேக்கரண்டி ஓட்டுத் தூள் சுமார் 5 கிராம் எடை இருக்கும். அதில் ஏறத்தாழ 1,900 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதாவது, தேவையான அளவின்மேல் பாதிக்கும் அதிகமாகத் தினமும் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். வளர்ந்த நாயின் குடல் வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றிவிடும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் சரியாக வந்திருக்காது என்பதால், வருவதில் பெரும்பகுதி உடலில் சேர்ந்து, குருத்தெலும்பு எலும்பாக மாறும் இடத்தில் கோளாறை உண்டாக்கும். பெரிய இனக் குட்டிகளிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம்.

ஆனால் இதே வளைவு கால்சியம் குறைந்தாலும் வரும். எலும்பில்லாத கறியும் சோறுமாக வளர்ந்த குட்டியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தால் என் பதில் நேர்மாறாக இருந்திருக்கும். கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம், ஆகவே உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கிவிடும். எனவே காலைக் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு கட்டாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். உங்கள் ஊர் கால்நடை மருத்துவர் மேல்சிகிச்சைக்கு அனுப்பினால், புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் இருக்கிறது. வீட்டில் வழுக்கும் டைல்ஸ் தரை என்றால், இப்போதைக்குக் குட்டி நிற்கும் இடத்தில் சாக்கையாவது விரித்து வையுங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தோலைப் போல நாயின் தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டி-யைப் போதிய அளவு உண்டாக்காது. அது உணவிலிருந்துதான் வரவேண்டும். உங்கள் பப்பி ஃபுட்டில் அதுவும் சேர்க்கப்பட்டிருக்கும்.

கேள்வி: எட்டு வயது நாட்டு நாய், 12 கிலோ எடை. சோறும் மீனும்தான் உணவு. மீன் கழிவைப் பச்சையாகவும் போடுவோம். முடி கொட்டுகிறது, ஓயாமல் சொறிகிறது. அப்பா வாரம் ஒன்று போடும் 60,000 யூனிட் வைட்டமின் டி கேப்ஸ்யூலில் ஒன்றை அதற்கும் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்த கேப்ஸ்யூல் நாயின் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கிலோவுக்கு 4,000 யூனிட்டை எட்டினாலே நாய்களுக்கு நச்சுக் குறிகள் தோன்றலாம். உங்கள் நாய்க்கு ஒரே கேப்ஸ்யூலில் கிலோவுக்கு 5,000 யூனிட் போய்விடும். இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதாகும். மனிதர்களுக்கான சப்பிச் சாப்பிடும் வைட்டமின் மாத்திரைகளிலும் ஆபத்து உண்டு: அவற்றில் சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால், நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும்.

சொறிக்கு முதலில் தேட வேண்டியது வைட்டமினை அல்ல, உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும்தான். காது மடலையும் விரல் இடுக்கையும் விலக்கிப் பாருங்கள். வாலடியில் மிளகுத்தூள் போல எதுவும் கிடந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள், பஞ்சு செம்பழுப்பாகக் கறைபட்டால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். பூஞ்சையா, சொறிப் பேனா என்பதைத் தோலைச் சுரண்டிப் பார்த்து மருத்துவர் சொல்வார்.

உணவிலும் குறை இருக்கிறது. மத்தி, நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து போட்டால் அவற்றிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி அழியும். ஆகவே வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டுப் போடுங்கள். அவித்த முட்டையும் அவ்வப்போது சேர்க்கலாம். மீன் எண்ணெய் வாங்குவதானால் லேபிளைப் படித்து வாங்குங்கள்: மீன் ஈரல் எண்ணெய் வேறு, அதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் நிறைந்திருக்கும்.

கேப்ஸ்யூலை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் வாந்தியோ அதிக தாகமோ வரட்டும் என்று காத்திராமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.