பழைய நோய் திரும்பி வரும்போது இ.எஸ்.ஐ. விடுப்பு: கஞ்சிக்கோட்டுத் தொழிலாளி ஒருவரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: ஐயா, நான் க.க.சாவடியில் குடியிருந்து, வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டில் ஒரு பவுண்டரியில் ஒன்பது ஆண்டுகளாக மோல்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். தினச் சம்பளம் 600 ரூபாய். 2024 ஆகஸ்டு 3ஆம் தேதி சனிக்கிழமை, மோல்டிங் பாக்ஸைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. ஸ்கேனில், முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். 5ஆம் தேதி முதல் 24 வரை இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு ஈட்டுறுதி) லீவில் இருந்து, 26ஆம் தேதி வேலைக்குப் போனேன். செப்டம்பர் 7, விநாயகர் சதுர்த்தி அன்று காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. ஊரிலேயே ஒரு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். 10ஆம் தேதிதான் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போக முடிந்தது. அன்று முதல் 30 வரை சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். மூன்றாம் முறை டிசம்பர் 16 முதல் 2025 ஜனவரி 11 வரை லீவு. மூன்று முறையும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் வரவில்லை. ஒரே நோய் திரும்பி வந்தால் அப்படிப் பிடிக்கக் கூடாது என்கிறார் உடன் வேலை செய்பவர். இனி எத்தனை நாள் பாக்கி இருக்கிறது? என் சொந்த லீவை எடுப்பது நல்லதா? இன்னொரு முறை லீவு போட்டால் கணக்கை முடித்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்கிறார். அப்படிச் செய்ய முடியுமா?

பதில்: 2025 மார்ச்சில் நடைமுறையில் இருந்த சட்டங்களின்படி இந்தப் பதிலைச் சொல்கிறேன். உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. நோயுற்ற காலத்தின் முதல் இரண்டு நாட்களுக்கு உதவித்தொகை இல்லை என்று சொல்லும் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 49ஆம் பிரிவு, அதற்கு ஒரு விலக்கும் தருகிறது. கடைசியாக உதவித்தொகை பெற்ற நோய்க்காலம் முடிந்து 15 நாட்களுக்கு மேற்படாத இடைவெளியில் மீண்டும் நோயுற்றால், இரண்டாம் முறை அந்த இரண்டு நாட்களைப் பிடிக்கக் கூடாது. சட்டம் பார்ப்பது இடைவெளியைத்தான். திரும்பி வந்தது அதே நோயா, வேறு நோயா என்று அது கேட்பதில்லை. முதுகு வலிக்கு லீவு போட்டுத் திரும்பியவர் பத்தாம் நாள் டைபாய்டில் படுத்தாலும் இந்த விலக்கு உண்டு. மூன்று மாதம் கழித்து அதே முதுகு வலி வந்தால் விலக்கு இல்லை. ஆகவே டிசம்பரில் இரண்டு நாள் பிடித்தது முறையானதே.

செப்டம்பர் கணக்குதான் கவனிக்க வேண்டியது. உங்கள் முதல் சர்ட்டிபிகேட் ஆகஸ்டு 24இல் முடிகிறது, இரண்டாவது செப்டம்பர் 10இல் தொடங்குகிறது. இடையில் ஆகஸ்டில் 7 நாள், செப்டம்பரில் 9 நாள், மொத்தம் 16 நாள். ஒரே ஒரு நாள் கூடிப்போனதால் கிளை அலுவலகம் இரண்டு நாளைக் கழித்திருக்கிறது. காகிதத்தில் இருந்ததை வைத்துப் பார்த்தால் அவர்கள் செய்தது தவறில்லை. ஆனால் நீங்கள் உண்மையில் படுத்தது 7ஆம் தேதி. அந்த நாளிலிருந்து எண்ணினால் இடைவெளி 13 நாள்தான். இதனால் 7, 8, 9 ஆகிய மூன்று நாட்களும், அதன் பிறகு கழிக்கப்பட்ட இரண்டு நாட்களும் சேர்ந்து ஐந்து நாள் பணம் போயிருக்கிறது. உதவித்தொகை சராசரி தினச் சம்பளத்தில் 70 விழுக்காடு, அதாவது உங்களுக்கு நாளொன்றுக்கு 420 ரூபாய் என்பதால், இழப்பு 2,100 ரூபாய்.

இதை மீட்க ஒரு வழி இருக்கிறது. இ.எஸ்.ஐ. பொது ஒழுங்குமுறைகளின் 53ஆம் விதி, இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றிதழையே நோய்க்கு ஆதாரமாகக் கேட்கிறது என்றாலும், சூழ்நிலை நியாயமானதாக இருந்தால் வேறு ஆதாரத்தையும் ஏற்கலாம் என்று இடம் தருகிறது. ஊரில் ஊசி போட்ட டாக்டரின் மருந்துச் சீட்டு, மருந்துக் கடை ரசீது, முடிந்தால் அவரிடமிருந்து தேதியிட்ட ஒரு சான்று ஆகியவற்றைச் சேர்த்து, எழுந்து நடக்க முடியாத நிலையில் டிஸ்பென்சரிக்கு வர இயலவில்லை என்பதை விளக்கி, கிளை மேலாளருக்கு ஒரு மனு கொடுங்கள். ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் டிஸ்க் பிதுக்கம் ஏற்கெனவே அவர்களுடைய பதிவிலேயே இருப்பதால் உங்கள் கோரிக்கைக்கு வலு உண்டு. இனி எந்த முறை வலி வந்தாலும், முதலில் யாரிடம் ஊசி போட்டுக்கொண்டாலும், அன்றோ மறுநாளோ யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள். எல்லைப் பகுதியில் இருந்து வேலைக்குப் போகிறவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று நாள் தாமதத்தில்தான் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது. மாதம் 15,600 ரூபாய் சம்பளத்தில் 0.75 விழுக்காடு, அதாவது 117 ரூபாய், பங்களிப்பாக உங்கள் கையிலிருந்து போகிறது. கம்பெனி அதற்கு மேல் 3.25 விழுக்காடு கட்டுகிறது. நீங்கள் கேட்பது உங்கள் உரிமைப் பணம்.

மீதி நாட்களுக்கு வருவோம். அடுத்தடுத்த இரண்டு பயன்காலங்களில் மொத்தம் 91 நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. பயன்காலம் என்பது ஜனவரி முதல் ஜூன் வரை, ஜூலை முதல் டிசம்பர் வரை என்று ஆறு ஆறு மாதங்கள். உங்களுக்குப் பணம் வந்தது ஆகஸ்டில் 18 நாள், செப்டம்பரில் 19 நாள், டிசம்பரில் 14 நாள், ஜனவரியில் 11 நாள், ஆக 62 நாள். எனவே 2025 ஜூன் 30 வரை உங்களுக்கு 29 நாட்கள் மிச்சம். செப்டம்பர் மனு ஏற்கப்பட்டால் அந்த ஐந்து நாளும் இதில் கழியும். ஜூலை 1 பிறந்ததும் 2024இன் பிற்பாதி கணக்கிலிருந்து விலகிவிடும். அதற்குப் பிறகு ஜனவரி முதல் ஜூன் வரை எடுத்தது மட்டுமே சேரும் என்பதால், இடையில் வேறு லீவு எடுக்காவிட்டால் 80 நாட்கள் கிடைக்கும். டாக்டர் அறுவை சிகிச்சைக்கு நாள் கேட்டால், அவசரம் இல்லாத நிலையில், இந்தக் கணக்கையும் அவரிடம் சொல்லுங்கள்.

நோய் திரும்பத் திரும்ப வருபவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பயன்காலத்தில் உதவித்தொகை பெற, அதற்குரிய பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்கு பங்களிப்பு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் உரிமை தருகிறது. நோயில் படுத்திருக்கும் நாட்களுக்குப் பங்களிப்பு கட்டப்படுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 183 நாட்கள். அதில் 91 நாள் படுக்கையில் கழிந்தால் மீதி 92, ஞாயிற்றுக்கிழமைகள் பதின்மூன்று போனால் 79. அதற்கு மேல் இரண்டு நாள் சம்பளமில்லாமல் போனால் 77 ஆகிவிடும், அடுத்த ஜனவரியில் நோய் திரும்பினால் ஒரு ரூபாய் கூட வராது. உங்களுக்கு இதுவரை அந்த ஆபத்து இல்லை. வரும் ஏப்ரலில் தொடங்கும் காலத்தில்தான் எண்ணிக்கொண்டு வர வேண்டும்.

சொந்த லீவு பற்றிய கேள்விக்குப் பதில் இங்கேதான் வருகிறது. சம்பளத்துடன் கூடிய விடுப்பு எடுத்த நாளுக்கு இ.எஸ்.ஐ. உதவித்தொகை கிடையாது என்று 63ஆம் பிரிவு சொல்கிறது. ஒரே நாளுக்கு இரண்டையும் வாங்க முடியாது. ஆனால் உதவித்தொகை வராத அந்த முதல் இரண்டு நாட்களுக்குச் சம்பள லீவு கேட்பதில் தடையில்லை. அது முழுச் சம்பளமான 600 ரூபாயைத் தருவதோடு, பங்களிப்பு நாளாகவும் எண்ணப்படும். மூன்று நாளில் தீர்ந்துபோகும் வலிக்கு இ.எஸ்.ஐ. வழியே போனால் ஒரே ஒரு நாள் பணம்தான் வரும் என்பதால், அப்படிப்பட்ட சிறு லீவுகளுக்குச் சொந்த லீவே மேல். நீண்ட படுக்கைக்குச் சொந்த லீவைக் கரைக்காதீர்கள். நோய்க்காகச் சம்பள லீவு கேட்கும்போது 15 நாள் முன்னதாக விண்ணப்பிக்கவில்லை என்று கம்பெனி மறுக்க முடியாது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவே அதற்கு விலக்கு தருகிறது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய செய்தி உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆகஸ்டு 3ஆம் தேதி, வேலை நேரத்தில், பாக்ஸைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது என்கிறீர்கள். அது வேலையிட விபத்தாக இருக்கக்கூடும். அப்படி ஏற்கப்பட்டால் உங்களுக்கு உரியது தற்காலிக இயலாமை உதவித்தொகை. அது 70 அல்ல, 90 விழுக்காடு. நாளொன்றுக்கு 540 ரூபாய். விபத்து நாள் நீங்கலாக மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் போயிருந்தால் முதல் நாளிலிருந்தே உண்டு. 91 நாள் என்ற வரம்பு இல்லை, 78 நாள் என்ற நிபந்தனையும் இல்லை. அதே காயத்தால் வலி திரும்பி வந்த காலங்களுக்கும் இந்த வழியிலேயே கோரலாம். நிலையான குறைபாடு தங்கிவிட்டால் மருத்துவக் குழுவிடம் போகும் வழியும் இதிலிருந்துதான் திறக்கும். அன்று உங்களைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தவர் யார், சூப்பர்வைசரிடம் யார் போய்ச் சொன்னார், விபத்துப் பதிவேட்டில் எழுதினார்களா, முதன்முதலில் பார்த்த டாக்டர் சீட்டில் 'பளு தூக்கும்போது' என்று குறித்தாரா என்பவற்றை இப்போதே திரட்டுங்கள். பதிவேட்டில் இல்லாவிட்டாலும் கம்பெனிக்கும் கிளை அலுவலகத்துக்கும் எழுதி விசாரணை கோரலாம். ஆனால் உதவித்தொகை உரியதான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கோரிக்கையை வைப்பதே பாதுகாப்பு என்பதால், 2025 ஜூலை முடியும் வரை காத்திருக்க வேண்டாம். படிப்படியாகத் தேய்ந்து வந்த முதுகு வலியை விபத்தாக நிறுவுவது கடினம். உங்களுடையது ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட பாக்ஸைத் தூக்கியபோது நேர்ந்தது என்பதுதான் உங்கள் பலம்.

அது ஏற்கப்படாமல் 91 நாளும் தீர்ந்துபோனாலும் கதவு அடைபட்டுவிடாது. நீடித்த நோய்களுக்கான 34 நோய்களின் பட்டியலில் முதுகெலும்பு டிஸ்க் பிதுக்கமும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வேலையில் இருந்து, முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் பங்களிப்பு உள்ளவருக்கு, 80 விழுக்காட்டில், அதாவது உங்களுக்கு 480 ரூபாய் வீதம், முதலில் 124 நாட்களும், தேவைப்பட்டால் 309 நாட்கள் வரையும் நீட்டிக்கப்பட்ட நோய் உதவித்தொகை கிடைக்கும். ஆனால் சர்ட்டிபிகேட்டில் வெறும் 'இடுப்பு வலி' என்று எழுதியிருந்தால் பட்டியலில் பொருந்தாது. ஸ்கேன் அறிக்கையைக் காட்டி, டிஸ்க் பிதுக்கம் என்ற நோயின் பெயரை அப்படியே எழுதித் தரும்படி சிறப்பு மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள்.

கணக்கை முடித்துவிடுவோம் என்ற மிரட்டலுக்கு வருகிறேன். நீங்கள் உதவித்தொகை பெறும் காலத்திலோ, சான்றளிக்கப்பட்ட நோயால் வராமல் இருக்கும் காலத்திலோ உங்களை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு தடுக்கிறது. அந்த நாட்களில் கொடுத்த நீக்க நோட்டீஸ் செல்லாது. தொடர்ச்சியாகப் பல மாதங்கள் சிகிச்சையில் இருந்தால்தான் இ.எஸ்.ஐ. பொது ஒழுங்குமுறைகளின் 98ஆம் விதி கம்பெனிக்கு வழி விடுகிறது. விட்டு விட்டு வந்த இருபது இருபத்தைந்து நாள் லீவுகளைக் கூட்டித் தொடர்ச்சியான சிகிச்சை என்று சொல்ல முடியாது. ஆனால் வேலைக்குத் திரும்பிய பிறகு இந்தப் பிரிவு கூடவே வராது என்பதையும் சொல்ல வேண்டும். தொடர்ந்த உடல்நலக் குறைவால் நீக்குவதை ஆட்குறைப்பு என்ற வரையறையிலிருந்து தொழில் தகராறுகள் சட்டம் விலக்கி வைத்திருப்பதால், கம்பெனி அந்தக் காரணத்தைப் பிடிக்கப் பார்க்கலாம். அதனால் பளு தூக்காத வேலைக்கு மாற்றும்படி மருத்துவர் பரிந்துரையுடன் எழுத்தில் கேட்டு, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லீவு தொடங்கும் நாளிலும் நீட்டிக்கும் நாளிலும் சர்ட்டிபிகேட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கூடவே ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். சொல்லாமல் வராதவர் என்று பெயர் எழுதிவிட்டால் மேற்சொன்ன பாதுகாப்பை நிலைநாட்ட நீங்கள் மிகவும் போராட வேண்டியிருக்கும்.

2025 மார்ச்சில் நடைமுறையில் இருந்தது 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டமே. 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது.

கடைசியாக, எல்லை பற்றி ஒரு செய்தி. இ.எஸ்.ஐ. மத்தியச் சட்டம் என்பதால், வேலை கேரளத்தில் இருந்தாலும் வீட்டுக்கு அருகே தமிழ்நாட்டுப் பக்கத்து டிஸ்பென்சரியை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அங்கே தரும் சர்ட்டிபிகேட்டைக் கஞ்சிக்கோட்டுக் கம்பெனி மறுக்க முடியாது. கோவை வரதராஜபுரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறுவதும் அப்போது எளிதாகும். ஆனால் வழக்கு என்று வந்தால், வேலை செய்யும் இடத்துக்குரிய இ.எஸ்.ஐ. நீதிமன்றத்தில்தான் தொடர வேண்டும் என்பதால் நீங்கள் பாலக்காட்டுக்குத்தான் போக வேண்டும். வேலை நீக்கம் பற்றிய புகாரும் அங்குள்ள மாவட்டத் தொழிலாளர் அலுவலரிடமே போகும். மனுக்களை எழுதும்போது மலையாளம் அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சர்ட்டிபிகேட்டின் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி மேலே இணைத்துக் கொடுங்கள்.