பெயின்ட் அடித்தால் வீட்டுக்கு விலை கூடுமா?

வீடு விற்பது, வாங்குவது பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. நான்குக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஹட்டனில், பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே எங்கள் வீடு. எட்டுப் பேர்ச்சஸ் காணி, மூன்று அறை. மகளோடு கொழும்பில் இருக்கப் போவதால் விற்க நினைக்கிறோம். நிலத்துக்கு டைல்ஸ் போட்டு, குசினிக்கு பென்ட்ரி கபேட் அடித்து, நல்ல பெயின்ட்டும் அடித்தால் பத்து இலட்சம் கூட்டிக் கேட்கலாம் என்கிறார் தரகர். கையில் நான்கு இலட்சம்தான் இருக்கிறது. செய்யலாமா ஐயா?

பதில்: டைல்ஸும் வேண்டாம், பென்ட்ரியும் வேண்டாம். அந்தக் காசை முதலில் வீட்டின் பின்பக்கம் செலவழியுங்கள்.

நம் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் மலையை வெட்டிக் கட்டியவை. முன்வாசல் வெளிச்சமாக இருக்கும். பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கக்கூட இடம் இருக்காது. மேலிருந்து மண் இறங்கி, கான் தூர்ந்து, குசினிச் சுவரின் வெளிப்பக்கத்து மண் உள்நிலத்தைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்கும். ஹட்டனில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அத்தனை மாதமும் அந்தச் சுவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் எவ்வளவு விலைகூடிய பெயின்ட் அடித்தாலும் கொப்பளித்து உரிந்துவிடும். வாங்க வருகிறவருக்குக் கதவைத் திறந்ததும் பூஞ்சண வாடை அடித்தால், அப்புறம் நீங்கள் எந்த அறையைக் காட்டினாலும் அவர் மனம் விலையைக் குறைத்துக்கொண்டேதான் வரும்.

அலுமாரியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பாருங்கள். நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று பிசுபிசுத்தால் ஈரம் அங்கே இருக்கிறது. பின்பக்க மண்ணை உள்நிலத்துக்குக் கீழே போகும்வரை வெட்டி அகற்றுங்கள். வாட்டம் கொடுத்து சீமெந்துக் கான் போடுங்கள். கூரைப் பீலி உடைந்திருந்தால் மாற்றி, அதன் தண்ணீர் நேரே கானுக்குள் விழும்படி குழாய் இறக்குங்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டி, சுவர் காயும்வரை பொறுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இதற்குத் தோதான காலம். காய்ந்தபின் ஒரு பூச்சு பெயின்ட் போதும். இதற்கெல்லாம் ஆகும் கூலியும் சாமானும் தரகர் சொன்ன வேலையைவிடக் குறைவாகத்தான் வரும்.

அடுத்தது வெளிச்சம். யன்னலை மறைக்கும் கிளைகளை வெட்டுங்கள். குசினி இருட்டாக இருந்தால் கூரையில் ஒரு தகட்டை எடுத்துவிட்டு ஒளி புகும் சீட் ஒன்றைப் போடுங்கள். டைல்ஸைப் பொறுத்தவரை, கொழும்பு வெயிலுக்கு அது சரி. ஹட்டன் குளிரில் விடியற்காலை வெறுங்கால் வைக்கவே கூசும், ஈரமானால் வழுக்கும். மெழுகு போட்டுத் தேய்த்த சிவப்புச் சீமெந்து நிலம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை உடைத்துவிடாதீர்கள். அதை விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மிச்சக் காசைக் கடதாசிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று வீடு வாங்குகிறவர்களில் நிறையப் பேர் வங்கிக் கடனை நம்பித்தான் வருகிறார்கள். வங்கியின் சட்டத்தரணி உறுதி, நில அளவைப் படம், அனுமதி பெற்ற கட்டட வரைபடம், வீதி எல்லைச் சான்றிதழ், சுவீகரிக்கப்படாமைச் சான்றிதழ், சோலைவரி ரசீது எல்லாம் கேட்பார். காணி முப்பது வருடமாக யார் யார் கைமாறி வந்தது என்றும் பார்ப்பார். உறுதியில் எட்டுப் பேர்ச்சஸ், அளந்தால் ஏழரை என்றாலும், பின்னால் இழுத்துக் கட்டிய அறை வரைபடத்தில் இல்லை என்றாலும் கடன் இழுபடும், வாங்க வந்தவர் வேறு வீடு தேடிப் போவார். வீட்டைக் காட்டத் தொடங்குமுன் இவற்றை ஒரு கோவையில் போட்டுவையுங்கள். பத்து இலட்சம் கூடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். வருகிறவர் பேரம் பேசப் பிடித்துக்கொள்ளும் காரணங்கள் குறையும், அது நிச்சயம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் நடுவே ஒரு வீடு பார்த்தோம். இஸ்தோப்பில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. அந்தக் காட்சிக்கே காசு கொடுக்கலாம், முன்பணம் கட்டிவிடுவோம் என்கிறார் என் கணவர். எனக்கு ஏதோ பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. பள்ளத்தாக்கு அப்படித் தெரிகிறது என்றால் வீடு சரிவின் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களோடு மக்கள் மண்ணுக்குள் போனார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் எத்தனை இடங்களில் மலை இறங்கியது என்பதையும் பார்த்தோம். எனவே முன்பணத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை மாவட்ட அலுவலகத்துக்குக் காணியின் அளவைப் படத்தோடு போய், அந்த இடம் மண்சரிவு அபாய வரைபடத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். மண்சரிவு மாவட்டங்களில் வீடு கட்டும் அனுமதிக்கு அந்த நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். இந்த வீட்டுக்கு அது எடுத்தார்களா என்று விற்பவரிடமும் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் அதுவும் ஒரு பதில்தான்.

பிறகு நீங்களே நடந்து பாருங்கள். சரிவில் கட்டும்போது ஒரு பாதியை வெட்டி, அந்த மண்ணை மறுபாதியில் நிரப்பித் தளம் போடுவார்கள். வெட்டிய பக்கம் உறுதியாக இருக்கும், நிரப்பிய பக்கம் மெல்ல மெல்ல அமரும். இரண்டும் சேரும் இடத்தில் நிலத்திலும் சுவரிலும் கோடு விழும். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பைத் தேடுங்கள். ஐந்து ரூபா குற்றியின் விளிம்பு உள்ளே போகுமளவுக்கு அது அகன்றிருந்தால் பொறியியலாளர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். புதிதாகப் பூசி மறைத்த தடம் இருந்தாலும் அப்படியே. கதவு இறுகுகிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் பலகை ஊதி இறுகுவது வேறு. கதவு நேராக இருந்து நிலை கோணிப்போயிருந்தால்தான் கவலை.

தாங்குசுவரில் தண்ணீர் வெளியேறும் குழாய்கள் இருக்கவேண்டும். குழாயே இல்லாத சுவரும், நடுவயிறு வெளியே தள்ளிய சுவரும் பின்னால் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கின்றன. மேலே மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா, புதிதாக ஊற்று கசிகிறதா என்று பக்கத்து வீட்டாரிடம் விசாரியுங்கள். விற்பவர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பண்டாரவளைப் பக்கம் பெரிய மழை ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை. ஜூலையில் கச்சான் காற்றில் காய்ந்து கிடக்கும்போது எந்த வீடும் நன்றாகத்தான் தெரியும். முடிந்தால் நவம்பரில் ஒருநாள் மழைக்குள் போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். காலை ஏழு மணிக்கும் ஒரு தடவை போங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். கிழக்கும் தெற்கும் மலை மறைத்த வீட்டில் வெயில் நேரம் கழித்து வரும், துணி காயாது, மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். பின்னேரத்தில் மூடுபனி வந்தால் அந்தக் காட்சியும் இல்லை. இவ்வளவும் பார்த்து வீடு தேறினால் தாராளமாக வாங்குங்கள். விடிந்தால் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்துத் தேநீர் குடிப்பது பெரிய பாக்கியம்தான், அதில் உங்கள் கணவரோடு எனக்குப் பேச்சில்லை.

கேள்வி: கட்டாரில் வேலை செய்கிறேன். நாவலப்பிட்டியில் அம்மா அப்பாவுக்கு வீடு வாங்கப் போகிறேன். இரண்டு வீடு பிடித்திருக்கிறது. ஒன்று புதிய மாடி வீடு, ரோட்டிலிருந்து அறுபது படி இறங்கவேண்டும். மற்றது பழைய ஓட்டு வீடு, சின்னது, வேன் வாசலுக்கே வரும். அப்பாவுக்கு வயது 68. எது நல்லது அண்ணா?

பதில்: ஓட்டு வீடு, தம்பி. அறுபது படியை அப்பா இன்று இறங்கிவிடுவார். பத்து வருடம் கழித்து, மழையில் பாசி பிடித்த படியில், கேஸ் சிலிண்டரையும் அரிசி மூட்டையையும் யார் தூக்குவது? இரவில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தால் நாற்காலியில் வைத்து நாலு பேர் சுமக்கவேண்டும். விற்கப் போகும் நாளிலும் வாகனம் வாசலுக்கு வரும் வீட்டுக்குத்தான் ஆள் சீக்கிரம் வரும்.

வேன் வரும் அந்தப் பாதை யாருடையது என்று மட்டும் பாருங்கள். பக்கத்துக் காணிக்காரர் நல்ல மனதால் விட்ட பாதை என்றால் நாளைக்கு அவர் மகன் வேலி போடலாம். பாதை உரிமை உறுதியிலும் அளவைப் படத்திலும் எழுதியிருக்கவேண்டும். ஊற்றிலிருந்து கறுப்புக் குழாயில் தண்ணீர் எடுக்கிறார்கள் என்றால் அதற்கும் இதே விதி. பெப்ரவரி, மார்ச்சில் அந்த ஊற்று எவ்வளவு வரும் என்றும் கேளுங்கள். மலசலகூடம் வெளியே இருந்தால், மாடி வீட்டுக்குக் கொடுக்க நினைத்த மேலதிகக் காசில் உள்ளே ஒன்று கட்டி, சுடுதண்ணீரும் போட்டுக்கொடுங்கள்.

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிக்கொடுத்த வீடு ஒன்று விலைக்கு வருகிறது. உறுதி இன்னும் வரவில்லை, முத்திரை ஒட்டிய கடதாசியில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். விலை மலிவு. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். வெறும் கடதாசியில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாலும் வீடு உங்களுக்குச் சொந்தமாகாது. தோட்டக் காணி அரசுடையது, 1992 முதல் கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. வீடமைப்புத் திட்டங்களில் வீடு கிடைத்தவர்களில் சிலருக்கு உறுதி வந்திருக்கிறது. மற்றவர்கள் கையில் இருப்பது வீட்டை ஒப்படைத்த கடிதம் மட்டுமே. இருநூறு வருடம் இந்த மண்ணில் உழைத்தும் ஒரு துண்டு நிலத்துக்கு உறுதி இல்லை என்பது பெரிய அநியாயம். அந்த அநியாயத்தின் நட்டத்தை உங்கள் சேமிப்பிலிருந்து நீங்கள் கட்டவேண்டியதில்லை. விற்கிற குடும்பத்துக்கும் பின்னால் வேறு வீடு கிடைப்பது கஷ்டம், அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

உறுதி இருக்கிற வேறு வீடு பார்க்கும்போது அது முழு உரிமை தரும் சின்னக்கர உறுதியா, ஜெயபூமி போன்ற அரச அளிப்பா என்று முதலில் கேளுங்கள். அரச அளிப்புக் காணியைக் கைமாற்றப் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். விலையோடு முத்திரைத் தீர்வையையும் கணக்கில் வையுங்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், கட்டுவது வாங்குபவர். 80 இலட்சம் பெறுமதியான வீட்டுக்கு 319,000 ரூபா வரும், நொத்தாரிசு கட்டணம் தனி. காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிப் பார்க்கச் செலவு கொஞ்சம்தான். விற்பவரின் ஆளை அதற்கு அனுப்பாமல் உங்கள் நொத்தாரிசையே அனுப்புங்கள்.