காப்பர்-டி, டிரெசிங், தடுப்பூசி, பிசிஎன்: எதை விடலாம், எதை விட முடியாது?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில் ஜிபி சர்ஜரி நடத்துகிறோம். மூன்று பார்ட்னர்களில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். இருப்பது ஒரே ஒரு நர்ஸ். காப்பர்-டி பொருத்துவது, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு டிரெசிங் மாற்றுவது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, பிசிஎன் (பக்கத்து சர்ஜரிகள் சேர்ந்த கூட்டமைப்பு) வேலைகள் ஆகிய நான்கையும் விட்டுவிட நினைக்கிறோம். எங்கள் வட்டார அரசு சுகாதார நிதியை நிர்வகிக்கும் அமைப்பான ஐசிபிக்கு ஒரே கடிதமாக எழுதி அனுப்பினால் போதுமா?

பதில்: டாக்டர், அந்தக் கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். நீங்கள் கேட்ட நான்கும் நான்கு வெவ்வேறு காகிதங்களைச் சேர்ந்தவை. ஒன்றை விடுவதற்கு ஐசிபியிடம் கேட்கவே வேண்டியதில்லை, இன்னொன்றைக் கேட்டாலும் விடமாட்டார்கள். ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால், விட முடியாததையும் விடப்போகிறோம் என்று நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கிலாந்தில் சர்ஜரி என்றால் ஆபரேஷன் இல்லை, குடும்ப மருத்துவரின் கிளினிக். அதை நடத்தும் ஜிபிக்கள் அரசு ஊழியர்களும் இல்லை. அரசின் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்ஸோடு ஒப்பந்தம் போட்டு வேலை பார்ப்பவர்கள். அதனால்தான் 'விலகுவது' என்ற பேச்சே வருகிறது.

இந்தப் பேச்சின் வேர் 2004 ஏப்ரல். அந்த ஆண்டு வந்த புதிய ஒப்பந்தம் வேலைகளை மூன்று அடுக்காகப் பிரித்தது: அத்தியாவசியம், கூடுதல், மேம்பட்டது. முதல் அடுக்கில் யாரும் கை வைக்க முடியாது. மூன்றாவது, விரும்பியவர் எடுத்துச் செய்வது. நடு அடுக்கில் இருந்தவற்றுக்குத்தான் விலகும் விதிகள் எழுதப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் இருந்தது. கருத்தடைச் சேவையை விட்டால் அடிப்படைத் தொகையில் 2.4 சதவீதம் குறையும், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை விட்டால் 1.1 சதவீதம். இரவும் வார இறுதியும் பார்க்கும் பொறுப்பை விட்டால் 6 சதவீதம், அதாவது ஒரு ஜிபிக்கு ஆண்டுக்குச் சுமார் 6,000 பவுண்ட். போனால் போகட்டும், தூக்கமாவது மிஞ்சும் என்று பெரும்பாலோர் இரவு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் முதல் நாளே கையெழுத்துப் போட்டிருப்பேன். உங்கள் சர்ஜரியும் அப்படித்தான் விலகியிருக்கும்.

நினைத்த நாளில் நிறுத்த அப்போதும் முடியாது. முதலில் காரணத்தோடு ஒரு பூர்வாங்க நோட்டீஸ். 'ஏன் விடுகிறீர்கள், நாங்கள் என்ன உதவி செய்தால் தொடர்வீர்கள்' என்று என்.எச்.எஸ் தரப்பு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அதன் பிறகும் மனம் மாறாவிட்டால்தான் முறையான நோட்டீஸ். தற்காலிகமாகவும் விலக முடிந்தது, ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை. இந்த வரிசையை மனதில் வையுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் இதே வரிசையில் போனால் பாதிச் சண்டை வராது.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

தடுப்பூசியை விட முடியாது. 2004-இல் அதுவும் நடு அடுக்கில்தான் இருந்தது. ஆனால் 2021 ஏப்ரல் முதல், ஃப்ளூ ஊசி நீங்கலாக வழக்கமான தடுப்பூசிகள் அத்தியாவசியச் சேவையாகிவிட்டன. கூடவே ஊசி ஒன்றுக்கு 10.06 பவுண்ட் என்ற கணக்கும் வந்தது. நர்ஸ் போதவில்லை என்பது உங்கள் சிரமம். ஒப்பந்தத்தின் கண்ணில் அது காரணம் ஆகாது. நிறுத்தினால் ஒப்பந்த மீறல். குறையைச் சரிசெய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ் வரும், அதற்குப் பொதுவாக 28 நாள் அவகாசம். அதோடு முடியவில்லை என்றால் விஷயம் பெரிதாகும். அதற்குப் பதிலாகப் பக்கத்து சர்ஜரியின் நர்ஸை வாரத்தில் ஒரு பிற்பகல் வரவழைக்க முடியுமா என்று பாருங்கள். பிசிஎன் மூலமாகவே அதை ஏற்பாடு செய்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். 'ஸ்காட்லாந்தில் ஜிபிக்கள் ஊசி போடுவதில்லையே' என்று கேட்கலாம். உண்மைதான், 2018 ஒப்பந்தத்துக்குப் பின் அங்கே தடுப்பூசி வேலை சுகாதார வாரியங்களின் கைக்குப் போனது. ஆனால் அது அந்த நாட்டு ஒப்பந்தம், உங்களுக்குப் பொருந்தாது.

காப்பர்-டி அப்படியல்ல. கருத்தடை பற்றி ஆலோசனை சொல்வது, மாத்திரை எழுதுவது எல்லாம் உங்கள் ஜிபி வேலை. ஆனால் காப்பர்-டி பொருத்துவதற்கும், கையில் இம்ப்ளான்ட் வைப்பதற்கும் பெரும்பாலும் பணம் தருவது உள்ளூர் கவுன்சில். 2013 ஏப்ரலில் பொது சுகாதாரப் பொறுப்பு கவுன்சில்களுக்குப் போனதன் விளைவு இது. ஆக நீங்கள் எழுத வேண்டியது ஐசிபிக்கு இல்லை, கவுன்சிலுக்கு. அவர்களோடு போட்ட தனி ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பார்த்து, அதன்படி எழுதுங்கள். ஏற்கெனவே நாள் குறித்துக் காத்திருக்கும் பெண்களை மட்டும் முடித்துக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், உங்கள் பார்ட்னர்களில் யாராவது மத நம்பிக்கை காரணமாகக் கருத்தடை விஷயத்தில் ஒதுங்குபவராக இருந்தால், அது தனிநபர் விஷயம். அவர் ஒதுங்கலாம், அதனாலேயே சர்ஜரி முழுவதும் ஒதுங்கியதாக ஆகாது. வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, வழியும் காட்ட வேண்டும்.

டிரெசிங்தான் உண்மையில் சுவாரசியமான கேள்வி. அத்தியாவசியச் சேவை என்றால் நோயுற்றவர்களையும், தாம் நோயுற்றிருப்பதாக நினைப்பவர்களையும் பார்ப்பது, நாள்பட்ட நோய்களைக் கவனிப்பது, மரணத் தறுவாயில் இருப்பவர்களைக் கவனிப்பது. ஆஸ்பத்திரி போட்ட தையலைப் பிரிப்பதும், அவர்கள் கேட்ட ரத்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதும் இதற்குள் வருமா? வராது என்பதுதான் டாக்டர்களின் சங்கமான பிஎம்ஏ-வின் நிலை. 2024 ஆகஸ்டில் இங்கிலாந்து ஜிபிக்கள் தொடங்கிய கூட்டு நடவடிக்கையில் ஒன்று, பணம் தராத வேலையைச் செய்யாதே என்பது. எனவே முதலில் ஒன்றைத் தேடுங்கள்: டிரெசிங்குக்கென்று ஐசிபியோடு உள்ளூர் ஒப்பந்தம் ஏதாவது போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் அதிலுள்ள முன்னறிவிப்புக் காலம்தான் விதி. போடவே இல்லை என்றால் விலகுவதற்கு எதுவுமே இல்லை. கையெழுத்துப் போடாத வேலையிலிருந்து எப்படி விலகுவது?

ஆனால் நிறுத்தும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சர்ஜரியில் ஒரு திங்கட்கிழமை வரவேற்பறைக் கண்ணாடியில் ஏ4 தாள் ஒட்டினார்கள்: 'இனி டிரெசிங் கிடையாது'. அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, முழங்கால் ஆபரேஷன் ஆன ஒரு பெரியவர், ஆஸ்பத்திரி கொடுத்த டிரெசிங் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு, வாக்கரைத் தள்ளியபடி வந்து நின்றார். கட்டு நனைந்திருந்தது. ஆஸ்பத்திரி தந்த கடிதத்தில் 'உங்கள் ஜிபி நர்ஸைப் பாருங்கள்' என்றே இருந்தது. நர்ஸ் தாளைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தாளின் ஆயுள் ஐந்து நாள்.

ஆஸ்பத்திரிக்கும் ஐசிபிக்கும் முன்கூட்டியே எழுதி, இந்தத் தேதிக்குப் பிறகு நோயாளியை எங்கே அனுப்ப வேண்டும் என்று பதில் வாங்குங்கள். மூன்று மாதம் கொடுங்கள் என்பது என் யோசனை. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளை ஆஸ்பத்திரியோடு பகிர்ந்து எழுதும் ஏற்பாடு இருந்தால் அதற்கும் இதே கதைதான். நீங்கள் சம்மதித்ததால்தான் அது நடக்கிறது, சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டேன் என்று எழுதித் தரும்வரை மருந்துச்சீட்டை நிறுத்தாதீர்கள்.

கடைசியாக பிசிஎன். 2019 ஜூலையில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், சேர்ந்து 30,000 முதல் 50,000 நோயாளிகள் வரை வரும்படி சர்ஜரிகள் கைகோக்கின்றன. இது விருப்ப ஒப்பந்தம். விலகும் கதவு வழக்கமாக ஏப்ரலில் திறக்கும், அந்த மாத முடிவு வரை. தவறவிட்டால் தானாகவே அடுத்த ஆண்டுக்கும் நீங்கள் உறுப்பினர். விலகினால் உறுப்பினராக இருப்பதற்குக் கிடைக்கும் தொகை, நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 1.76 பவுண்ட் அளவில், நின்றுவிடும். அது சின்ன இழப்பு. பெரிய இழப்பு, பிசிஎன் பணத்தில் உங்களிடம் வரும் மருந்தாளரும் பிசியோதெரபிஸ்ட்டும். இருக்கும் ஒரே நர்ஸுக்குத் தோள் கொடுப்பவர்கள் அவர்கள்தானே? தடுப்பூசிக்குக் கைமாற்றாக நர்ஸ் கிடைக்கக்கூடிய இடமும் அதுதான். உங்கள் நிலையில் நான் இதை மட்டும் விடமாட்டேன்.

ஆக எழுத வேண்டியது இரண்டே கடிதம். காப்பர்-டி பற்றி கவுன்சிலுக்கு ஒன்று. டிரெசிங் பற்றி ஆஸ்பத்திரிக்கு ஒன்று, அதன் நகல் ஐசிபிக்கு. அனுப்பும் முன் உங்கள் வட்டார ஜிபிக்களின் பிரதிநிதிக் குழுவான எல்எம்சியிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இரண்டிலும் நிறுத்தும் தேதி வெள்ளிக்கிழமையாக வேண்டாம்.