வாய்ப் புற்றுநோயும் ஆக்ஸிஜன் குறைவைக் காட்டும் புரதங்களும்: கேள்வி-பதில்

கேள்வி: என் பயாப்ஸி அறிக்கையில் ‘எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபா பாசிட்டிவ்’ என்றுள்ளது. இது புற்றுநோய்தானா?

அந்த ஒரு வரியைக் கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபா என்பது ஆக்ஸிஜன் குறைவைக் காட்டும் ஒரு புரதம்; இது நம் உயிரணுக்களில் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஆக்ஸிஜன் போதுமான அளவில் இருந்தால், சில நொதிகள் அந்த ஆக்ஸிஜனையே பயன்படுத்தி இதன்மீது ஓர் அடையாளம் இட, வி.எச்.எல். என்னும் இன்னொரு புரதம் அதைப் பற்றிக்கொண்டு சில நிமிடங்களிலேயே சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. ஆக்ஸிஜன் குறையும்போது அடையாளமிடுவது தடைப்படுவதால், புரதம் உட்கருவில் சேர்ந்து, இரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் வி.ஈ.ஜி.எஃப்., குளுக்கோஸை உள்ளே கடத்தும் குளுட்-1, அமிலச் சமநிலையைப் பேணும் சி.ஏ-9 ஆகியவற்றின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. (இந்த வழிமுறையைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர்.) ஆறிவரும் சாதாரணப் புண்ணிலும் இது தென்படும்.

கேள்வி: எனக்கு இருப்பது சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் (வாயின் உட்தசையில் நார் படிந்து இறுகும் நோய்), கட்டி எதுவும் இல்லை. அதில் ஏன் ஆக்ஸிஜன் குறைய வேண்டும்?

வாயின் மேல்தோலுக்கு என்று தனி இரத்தக்குழாய் கிடையாது. கீழுள்ள இணைப்புத் திசுவிலிருந்து ஊடுருவி வரும் ஆக்ஸிஜனே அதற்கு ஆதாரம். பாக்கிலுள்ள அரெக்கோலின் என்னும் வேதிப்பொருள் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் படிவதைத் தூண்ட, அந்த நார்ப்படிவு குழாய்களை நெருக்கி ஊடுருவலையும் குறைக்கிறது. இத்திசுவின் மேல்தோலில் எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபா மிகுந்திருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அப்புரதம் கொலாஜன் இழைகளைப் பிணைத்து இறுக்கும் லைசில் ஆக்ஸிடேஸையும் கூட்டுவதால், ஆக்ஸிஜன் குறைவும் நார்ப்படிவும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் உண்டாகக்கூடும். பாக்கை அறவே நிறுத்துவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

கேள்வி: லூக்கோபிளேக்கியா (வாயில் தோன்றும் வெள்ளைப் படலம்) புற்றாக மாறுமா என்பதை, திசுவில் இப்புரதங்களை நிறமேற்றிக் காட்டும் இந்தச் சாயச் சோதனை சொல்லிவிடுமா?

சொல்லாது. டிஸ்பிளேசியாவின் (உயிரணுக்களின் வடிவும் அடுக்கும் பிறழ்ந்திருப்பதன்) தரம், படலம் நாக்கின் பக்கவாட்டிலோ வாயின் அடித்தளத்திலோ இருப்பது, அதன் மேற்பரப்பு சீரற்றிருப்பது, புகையிலைப் பழக்கம் தொடர்வது ஆகியவற்றைக் கொண்டே இன்றும் முடிவெடுக்கப்படுகிறது.

கேள்வி: ஒரே திசுக்கட்டைக்கு இரண்டு ஆய்வகங்கள் வெவ்வேறு விடை தருவது ஏன்?

வெட்டிய திசுவை ஃபார்மலினில் இடத் தாமதமானால் எச்.ஐ.எஃப். அளவே மாறிவிடும், அதோடு, பயன்படுத்தும் எதிர்ப்பொருளும் எத்தனை விழுக்காடு உயிரணுக்களை ‘பாசிட்டிவ்’ என்று கொள்வது என்னும் வரம்பும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுகின்றன. குளுட்-1 சாயமிட்ட கண்ணாடித் தகட்டில் நான் முதலில் தேடுவது சிவப்பணுக்களை. அவற்றில் இயல்பாகவே குளுட்-1 நிறைந்திருப்பதால், அவையே நிறம் ஏற்கவில்லை என்றால் அந்தத் தகட்டை நம்புவதற்கில்லை. அடுத்துப் பார்ப்பது நிறம் எங்கே இருக்கிறது என்பதை: ஆக்ஸிஜன் குழாயிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரையே ஊடுருவும் என்பதால், கட்டித் தீவின் (புற்று உயிரணுக்கள் திரண்ட திட்டின்) விளிம்பு வெளிறியும், மடிந்த திசுவை ஒட்டிய நடுப்பகுதி அடர்ந்தும் இருந்தால் அது ஆக்ஸிஜன் குறைவையே காட்டுகிறது. எங்கும் ஒரே சீராக நிறம் பரவியிருந்தால், ஈ.ஜி.எஃப்.ஆர். போன்ற வளர்ச்சிச் சமிக்ஞைகள் இப்புரதங்களைத் தூண்டியிருக்குமோ என்று ஐயப்படுவேன்.

கேள்வி: சிகிச்சையில் இதனால் பயன் உண்டா?

ஆக்ஸிஜன் குறைந்த உயிரணுக்களை அழிக்க ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்படும். அதனால் டென்மார்க்கில் தலை-கழுத்துப் புற்றுகளுக்குக் கதிர்வீச்சுடன், அத்தகைய உயிரணுக்களைக் கதிர்வீச்சுக்கு எளிதில் அழியச் செய்யும் நிமோரசோல் மருந்தும் தரப்படுகிறது. வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே முதலில் செய்யப்படுவதால், இந்தச் சாயச் சோதனையின் விடை அங்கே சிகிச்சைத் திட்டத்தை மாற்றுவதில்லை.